வெட்டுக்குப் பிறகு வரும் மூன்று இரவுகள்

கொழும்பு,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. கடைசியாக என் காதில் விழுந்தது, "கீஹோல்ல செஞ்சா பத்து நாள்ல மலைக்கு ஏறிடலாம்னு சொல்றாங்களே அக்கா, நெசமா?" என்ற கேள்விதான். அதற்குப் பிறகு நாலு தரம் எடுத்தேன். இஸ்தோப்பில் நின்றால்தான் உனக்குச் சிக்னல் கிடைக்கும், அங்கே மழை சாரல் அடிக்கும் என்று தெரியும். அதனால் எழுத உட்கார்ந்தேன். இந்த விசயத்தை எழுதுவதே நல்லது. நீ மடித்து வைத்து இரண்டு மூன்று தரம் வாசிக்கலாம், உன் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டலாம், கிளினிக்குப் போகும் அன்றைக்குக் கையில் எடுத்துப் போகலாம்.

உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு உன் ஈரலில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, பத்து நாளில் கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியாது. வயிற்றைத் திறந்து செய்தாலும் முடியாது, சின்னத் துளைகள் போட்டுக் கீஹோலில் செய்தாலும் முடியாது. கவ்வாத்து வெட்டிய மலையில் அடுத்த வாரமே கொழுந்துக்கு ஆள் விடுகிறார்களா? இரண்டு மூன்று மாதம் அந்த மலையைச் சும்மா விடுகிறார்கள். தேயிலைக்குக் கொடுக்கும் அந்த அவகாசத்தை உன் உடம்புக்கும் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னவர்கள் யாராயிருந்தாலும், ஈரலைப் பற்றித் தெரியாமல் சொல்லியிருக்கிறார்கள்.

மேல்கணக்கு மாமா கிட்னி கொடுத்துவிட்டு ஒரு மாதத்தில் நடமாடியதை நீ பார்த்திருக்கிறாய். அதை வைத்து இதையும் அளக்கிறாய் என்று நினைக்கிறேன். கிட்னி வேறு. அது தனியாக, ஒரு காம்பில் தொங்கும் காய் மாதிரி இருக்கிறது. அதற்குப் போகும் இரத்தக் குழாய்களையும் சிறுநீர்க் குழாயையும் கட்டி வெட்டினால் முழுசாக வெளியே வந்துவிடும். 1995இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் முதல்முதலாகக் கீஹோலில் அப்படி எடுத்தார்கள். சில வருசங்களுக்குள் அதுவே வழக்கமாகிவிட்டது. ஈரல் அப்படியில்லை. அதில் ஒரு பங்கை எடுக்க வேண்டும், மிச்சம் உனக்குள்ளேயே உயிரோடு வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். முழுக்க இரத்தம் நிறைந்த பஞ்சு அது. பின்பக்கத்தில் உடம்பின் மிகப் பெரிய இரத்தநாளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நடுவில் பிரிக்கும்போது உள்ளே கிளை கிளையாக ஓடும் குழாய்களில் எது உனக்கு, எது அவருக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பங்கு போட வேண்டும். பித்தக் குழாயில் ஒரு சில மில்லிமீற்றர் தள்ளி வெட்டினால் உனக்கோ அவருக்கோ பிற்காலத்தில் தொல்லை. ஆறு, ஏழு மணித்தியாலம் எடுக்கும் வேலை. கீஹோல் என்றால் அதைவிடவும் கூடலாம்.

இனி இரண்டு வழியும் என்ன என்று சொல்கிறேன். திறந்து செய்தால் நெஞ்செலும்புக்குக் கீழே நடுவில் தொடங்கி நேராக இறக்கி, பிறகு வலது பக்கம் விலாவுக்குக் கீழாகத் திருப்பி வெட்டுவார்கள். ஆறின பிறகு நீ கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் 'ட' என்ற எழுத்து மாதிரியே தெரியும். கீஹோலில், தொப்புளைச் சுற்றியும் விலாவுக்குக் கீழும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு நாலைந்து துளை. வயிற்றுக்குள் காற்று ஏற்றி உப்பவைத்து, ஒரு துளையால் கமராவும் மற்றத் துளைகளால் நீளமான கருவிகளும் போகும். டொக்டர் திரையைப் பார்த்துத்தான் வெட்டுவார். ஆனால் ஒன்றை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வெட்டிய ஈரல் துண்டு அந்தச் சின்னத் துளையால் வெளியே வராது. அதை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, அடிவயிற்றில் குறுக்காகப் பத்து சென்ரிமீற்றர் அளவுக்கு வெட்டி அதன் வழியாக எடுப்பார்கள். சின்னவன் பிறந்தபோது கிளங்கன் ஆஸ்பத்திரியில் உனக்கு வெட்டினார்களே, கிட்டத்தட்ட அதே இடம். ஆகவே கீஹோல் என்றால் வெட்டே இல்லை என்று நினைக்காதே. வெட்டு கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

கீழே இறங்கியிருப்பதில் பெரிய நன்மை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. மேல்வயிறு ஒவ்வொரு மூச்சுக்கும் அசையும். அங்கே தையல் இருந்தால் ஆழமாக மூச்சு இழுக்கப் பயம், இருமப் பயம், சளி நெஞ்சில் தங்கும். அடிவயிற்று வெட்டு அவ்வளவு தொந்தரவு தராது. சிசேரியன் ஆன மூன்றாம் நாள் நீ எழும்பி நடந்தது உனக்கே ஞாபகம் இருக்கும். கீஹோலில் கொடுத்தவர்களுக்கு வலி குறைவு, இரத்தம் போவது பொதுவாகக் குறைவு, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளும் குறைவு. காயம் சீழ் பிடிப்பதும், தையல் போட்ட இடம் தளர்ந்து பிற்பாடு குடல் பிதுங்குவதும் குறைவு. உன்னைப் போலத் தலையில் கயிறு மாட்டி முதுகில் கொழுந்து சுமந்து, வயிற்றை இறுக்கிக்கொண்டு ஏற்றம் ஏறுகிறவளுக்கு அந்தக் கடைசி விசயம் தழும்பின் அழகைவிடப் பெரியது. அதனால் கீஹோலை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உனக்கு அது பொருந்தி, அதில் நன்றாகக் கைபடிந்தவர்கள் கிடைத்தால் நான் முதல் ஆளாகச் சந்தோசப்படுவேன்.

கைபடிந்தவர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உயிரோடு இருப்பவரிடமிருந்து ஈரல் எடுப்பதே நேற்றுத் தொடங்கியது மாதிரிதான். 1989இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரசல் ஸ்ட்ரோங் என்ற டொக்டர், ஜப்பானிலிருந்து வந்த ஒரு தாயின் ஈரலில் ஒரு துண்டை எடுத்து அவள் மகனுக்கு வைத்தார். அப்படி வைத்து நிலைத்தது அதுதான் முதல் தரம். பெரியவர்களுக்கு வேண்டிய பெரிய வலது பக்கத்தை எடுப்பதை 1996இல் ஹொங்கொங்கின் குயீன் மேரி வைத்தியசாலையில் தொடங்கிவைத்தார்கள். இந்தியாவில் 1998 நவம்பரில், காஞ்சிபுரத்து ஒரு தகப்பன் இரண்டு வயதுகூட நிறையாத தன் மகனுக்கு ஈரலில் ஒரு பங்கைக் கொடுத்தார். டெல்லி அப்பல்லோவில் நடந்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து டொக்டராகிவிட்டான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அந்தத் தகப்பனுக்கு அன்றைக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும்!

கீஹோல் அதற்கும் பிந்தி வந்தது. 2002இல் பாரிஸில் செர்கி, சுப்ரான் என்ற டொக்டர்கள், குழந்தைக்குக் கொடுப்பதற்காக ஈரலின் இடது ஓரத் துண்டைக் கீஹோலில் எடுத்ததை உலகத்துக்கு எழுதினார்கள். அந்தத் துண்டு ஈரலில் ஐந்தில் ஒரு பங்குதான். இடம் வசதியான ஓரம். அதற்கு இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் கீஹோலே நல்ல வழி என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 2014இல் ஜப்பானின் மொரியோக்காவில் உலகத்து ஈரல் டொக்டர்கள் கூடிப் பேசியபோதும், குழந்தைக்குக் கொடுக்கும் சின்னத் துண்டுக்குச் சரி என்றவர்கள், பெரியவர்களுக்குக் கொடுக்கும் வலது பக்கத்தைப் பற்றி எச்சரிக்கையோடுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் வலது பக்கத்தையும் கீஹோலில் எடுப்பதை வழக்கமாக்கினார்கள். ரியாத்தின் மன்னர் பைசல் வைத்தியசாலையிலும் கேரளத்தின் கொச்சியில் அம்ரிதாவிலும் ரோபோக் கை வைத்துச் செய்கிறார்கள். இவர்கள் எல்லோருமே முதலில் நூற்றுக்கணக்கில் திறந்து செய்து பழகி, பிறகு துளைக்குப் போனவர்கள். அந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள். உள்ளே இரத்தம் பீறிட்டால் ஒரு நொடியில் வயிற்றைத் திறந்து கைவைக்கத் தெரிந்தவர்தான் துளைக்குள் போகத் தகுதியானவர். அப்படி நடுவில் திறக்க நேர்ந்தால் அது தோல்வியும் இல்லை. உன் உயிரை முதலில் நினைத்தார் என்று அர்த்தம்.

தங்கச்சி, நான் இத்தனையும் எழுதியது இனிச் சொல்லப்போவதற்காகத்தான். 2002 ஜனவரியில் நியூயோர்க்கில் ஒருவர் தன் தம்பிக்கு ஈரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். அம்பத்தேழு வயது, பத்திரிகைக்காரர், நல்ல சுகதேகி. சத்திரசிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் இறந்துபோனார். தம்பி பிழைத்தார். அரசாங்கம் விசாரித்தபோது வெளியே வந்தது என்ன தெரியுமா? அந்த வார்டில் அன்றைக்கு முப்பத்துநாலு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது முதல் வருசப் பயிற்சி டொக்டர் ஒருவர். அந்தப் பகுதிக்கு அவர் வந்தே இரண்டு கிழமைகூட ஆகவில்லை. கொடுத்தவருக்கு உடம்பு மோசமாகப் போவதைச் சரியான நேரத்தில் சரியான ஆள் பார்க்கவில்லை. அந்த ஆஸ்பத்திரி உயிருள்ளவர்களிடமிருந்து பெரியவர்களுக்கு ஈரல் எடுப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. அமெரிக்கா முழுக்க இந்த வேலையின் வேகமே குறைந்தது.

நான் நர்சு. இந்தக் கதையைப் படிக்கும்போது என் கண்ணுக்குத் தெரிவது அந்த வார்டுதான். வயிற்றை எப்படி வெட்டினார்கள் என்று எல்லோரும் கேட்கிறோம். வெட்டுக்குப் பிறகு வரும் மூன்று இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் என்று கேட்பதில்லை. நாடித்துடிப்பு ஏறுகிறதா, சிறுநீர் குறைகிறதா, வயிற்றுக் குழாயில் வரும் நீர் பச்சையாக மாறுகிறதா, முகம் வெளிறுகிறதா என்று இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழும்பிப் பார்க்கிறவர் யார்? அவருக்குச் சந்தேகம் வந்தால் பெரிய டொக்டரை எழுப்பும் தைரியம் அவருக்கு இருக்கிறதா? எழுப்பினால் அவர் வருவாரா? ஈரல் கொடுத்தவருக்கு ஆபத்து பித்தம் கசிவதால் வரலாம், காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போவதால் வரலாம், மிஞ்சிய ஈரல் சோர்ந்துபோவதால் வரலாம். இவை ஒன்றும் துளையா வெட்டா என்று பார்த்து வருவதில்லை. வலது பக்கம் கொடுத்தவர்களில் இருநூறிலிருந்து ஐந்நூறு பேருக்கு ஒருவர் இறக்கக் கூடும் என்பது டொக்டர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அது சின்ன எண்தான். ஆனால் அந்த ஒருவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கலாம்.

சவூதியில் நான் இருந்த மூன்று வருசத்தில் எங்கள் வார்டில் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வழியிலும் கொடுத்தவர்கள். திறந்து செய்தவர்கள் இரண்டாம் நாள் தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் இருமுவார்கள். நான் பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு தரம், இன்னும் ஒரு தரம்" என்று சொல்லி இருமவைப்பேன். கீஹோல்காரர்கள் அதே நாளில் கொரிடோரில் நடப்பார்கள். ஏற்றிய காற்றால் தோள்பட்டை வலிக்கும், அது இரண்டொரு நாளில் போய்விடும். வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் ஒருத்தியை என்னால் மறக்க முடியவில்லை. கீஹோலில் புருசனுக்குக் கொடுத்தவள். நல்லபடியாக ஆறாம் நாள் வீட்டுக்குப் போனாள். கிளினிக்குத் திரும்பி வந்தபோது முகம் வாடிப்போயிருந்தது. என்ன என்று கேட்டேன். "சின்ன ஓப்பரேசன்தானே என்கிறார்கள், விருந்தாளிகளுக்கு நான்தான் சமைக்கிறேன்" என்றாள். உடுப்புக்கு வெளியே ஒன்றும் தெரியாது, பாவம். வீட்டில் எல்லோரும் புருசனைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குள்ளே பாதிக்கு மேல் ஈரல் இல்லை, மிஞ்சியது இரவு பகலாக வளர்ந்துகொண்டிருக்கிறது, அதற்குச் சாப்பாடும் தூக்கமும் வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம்ம பாட்டி, பழைய மஸ்கெலியா டவுன் எங்கே என்று கேட்டால் மவுஸ்ஸாகலைத் தண்ணீரைக் கைகாட்டுவாளே, ஞாபகம் இருக்கிறதா? 1969இல் அணை கட்டித் தண்ணீர் நிறைத்தபோது கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல் எல்லாம் உள்ளே போய்விட்டன. நல்லதண்ணிக்கு பஸ்ஸில் போகிற யாத்திரிகர்களுக்கு அது வெறும் அழகான நீர்த்தேக்கம். தண்ணீர் வற்றிச் சுவர் தலைகாட்டும்போதுதான் அங்கே ஓர் ஊர் இருந்தது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணை நினைக்கும்போது எனக்கு அந்தத் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது. உனக்கு எந்த வழியில் செய்தாலும் சரி, அவருடைய அம்மாவிடமும் நாத்தனார்களிடமும் இதை நான் நேரில் வந்து சொல்வேன். மூன்று மாதம் நீயும் நோயாளிதான்.

எடுக்கும் அளவு இதுதான்: வலது பக்கம் என்றால் ஈரலில் நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்து வரை போகும். உன்னிடம் குறைந்தது முப்பது, முப்பத்தைந்தாவது மிஞ்ச வேண்டும். ஸ்கேனில் அதை அளந்து பார்ப்பார்கள். அந்த அளவுக்குக் குறைந்தால் நல்ல டொக்டர் உன்னிடமிருந்து எடுக்க மாட்டார். வெட்டிய பக்கம் திரும்ப முளைப்பதில்லை, மிஞ்சிய பக்கம்தான் பெருக்கும். முதல் இரண்டு கிழமையில் வேகமாக, மூன்று மாதத்துக்குள் பெரும்பகுதி. நம் உடம்பில் வேறெந்த உறுப்புக்கும் இந்த வரம் இல்லை.

அடுத்தது சென்னை. சித்தப்பா மகன், "அங்க போனா கீஹோல்ல செய்வாங்க, நகைய வித்து, மிச்சத்துக்குக் கடன் வாங்கிக்கலாம்" என்று சொன்னதாகச் சொன்னாய். சென்னையில் திறமைக்குக் குறைவில்லை. மாயவரத்துப் பக்கம் கிளியனூரில் பிறந்து லண்டனில் பெயரெடுத்த முகமது ரேலா, 1997இல் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு ஈரல் மாற்றியவர், இப்போது குரோம்பேட்டையில் இருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் இருக்கும் ஊர். ஆனால் வெட்டு சின்னதாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் கடன் படாதே. ராகமையில் களனிப் பல்கலைக்கழக டொக்டர்கள் பல வருசமாக ஈரல் மாற்றுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, நம் சனங்களுக்கு எட்டிய தூரம். அவருடைய கிளினிக் கொப்பியோடு முதலில் அங்கே போவோம். உனக்கு எந்த வழி பொருந்தும் என்று உன் ஸ்கேனைப் பார்த்து அவர்கள் சொல்லட்டும். கடனுக்குச் செய்த கீஹோலுக்குப் பிறகு, அந்தக் கடனை அடைக்க நீ ஆறாம் கிழமையே கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டினால், சின்ன வெட்டால் கிடைத்த நன்மை முழுவதும் அந்த ஒரு ஏற்றத்திலேயே போய்விடும். உயிரோடு இல்லாதவர்களிடமிருந்து கிடைக்கும் ஈரலுக்கு அவருடைய பெயரைப் பதிய முடியுமா என்றும் அங்கேயே கேட்போம். நீ மட்டும்தான் வழி என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

ராகமையோ சென்னையோ, டொக்டரிடம் வெட்கப்படாமல் கேள். இங்கே எத்தனை பேருக்கு இப்படிச் செய்தீர்கள், அதில் எத்தனை பேருக்கு நடுவில் திறக்க வேண்டியிருந்தது, எனக்கு எவ்வளவு மிஞ்சும், என் பித்தக் குழாய் ஒன்றாகப் பிரிகிறதா இரண்டாகப் பிரிகிறதா என்று கேள். அவருடைய டொக்டர் வேறு, உன்னை மட்டும் பார்க்கும் டொக்டர் வேறு என்று இருக்கிறதா என்றும் கேள். இரவில் யார் என்று கட்டாயம் கேள். கேள்வி கேட்டால் கோபிக்கிற இடத்தில் உன் வயிற்றைக் கொடுக்க நான் விட மாட்டேன்.

இன்னொன்று, அவரைப் பற்றி. "குடிச்சுத்தான் ஈரல் போச்சு" என்று லயத்தில் பேசுகிறார்கள் என்று அழுதாய். அவர் குடித்தது தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் என்று நமக்குத் தெரியும். அவருக்குச் சீனி வருத்தம் பத்து வருசமாக இருக்கிறது, அதோடு சேர்ந்து ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது. ராகமை டொக்டர்கள் நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு தோட்டங்களுக்கே வந்து பார்த்து 2011இல் எழுதியிருக்கிறார்கள். மலையேறி வேலை செய்கிற, வருமானம் குறைந்த நம் சனங்களிலேயே நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு, குடிக்குச் சம்பந்தமில்லாமல் ஈரலில் கொழுப்பு இருந்தது. இதைப் பேசுகிறவர்களிடம் சொல். உன் ஈரலையும் இதற்காகவே முதலில் ஸ்கேன் பண்ணுவார்கள். கொழுப்புக் கூட இருந்தால் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள், அல்லது வேண்டாம் என்பார்கள். ரொட்டியையும் சீனிபோட்ட பிளேன்டீயையும் இன்றைக்கே குறை.

கடைசியாகச் சொல்வதைத் தனியாக இருக்கும்போது வாசி. நம் பக்கத்தில் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் மனைவியும் தாயும்தான், வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நீ அவர்மேல் வைத்திருக்கும் பிரியம் எனக்குத் தெரியும். நீ கொடுக்கத்தான் போகிறாய் என்று என் மனசு சொல்கிறது. ஆனாலும் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு யாராவது "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார்களா? மாமியார் இல்லாமல், அவர் இல்லாமல், நான்கூட இல்லாமல்? எங்கள் வார்டில் ஒரு பெண் சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் இரவு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பயமாக இருக்கிறது, சொன்னால் என்னை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்" என்றாள். டொக்டரிடம் சொன்னேன். காலையில் அவர் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "இவருடைய ஈரல் இதற்குப் பொருந்தாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அவள் பயந்தாள் என்று இன்றுவரை அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நல்ல இடங்களில் இப்படித்தான் காப்பாற்றுவார்கள். மயக்க மருந்து கொடுக்கும் நிமிசம் வரைக்கும் உனக்கு அந்த உரிமை இருக்கிறது. நீ வேண்டாம் என்று சொன்னாலும் என் தங்கச்சிதான், கொடுத்தாலும் என் தங்கச்சிதான்.

கொடுப்பதென்று முடிவானால், பிறகு வரும் மாதங்களை இப்போதே ஒழுங்கு பண்ண வேண்டும். எட்டுக் கிழமைக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. திறந்து செய்தால் அதற்குப் பிறகும் பதினெட்டுக் கிலோக் கொழுந்தோடு ஏற்றம் ஏறுவதைப் பற்றி டொக்டரிடம் கேட்காமல் நினைக்காதே. பிள்ளைமடுவத்தில் கொஞ்ச நாளைக்கு வேலை தருவார்களா என்று கணக்கப்பிள்ளை ஐயாவிடம் நீ பேசு, தலைவரையும் கூட்டிக்கொண்டு போ. டொக்டர் கடிதம் நான் வாங்கித் தருகிறேன். வேலைக்குப் பேர் விழாத மாதங்களுக்கு என் சம்பளத்திலிருந்து அனுப்புவேன், அதைப் பற்றிப் பேசக் கூடாது. பிள்ளைகளை அம்மா பார்ப்பாள். ஆனால் அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லாதே. ஸ்கேன் முடிந்து உனக்கும் தெளிவான பிறகு நான் வந்து சொல்கிறேன். அவளுக்குப் பிரஷர் இருக்கிறது.

எனக்கு லீவு கிடைத்திருக்கிறது. வருகிற பதினைந்தாம் திகதி காலை ரயிலில் ஹட்டனுக்கு வந்து, மத்தியானத்துக்குள் மஸ்கெலியா வந்துவிடுவேன். நீ பெரட்டுக்குப் போய்விட்டு வந்தால் போதும், எனக்காக அரைநாளோடு நிறுத்தி அரைப்பேர் போட வேண்டாம். சின்னவன் பிறந்தபோது கிளங்கனில் தந்த கார்டைத் தேடி எடுத்து வை. இரத்த வகுப்பும், வெட்டிய விவரமும் அதில் இருக்கிறது. இரும்புப் பெட்டியில், அப்பாவின் அடையாள அட்டைக்குக் கீழே இருக்கும் என்று நினைக்கிறேன்.

சத்திரசிகிச்சை எந்த ஆஸ்பத்திரியில் என்றாலும், முதல் மூன்று இரவும் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். உள்ளே விட மாட்டோம் என்றால் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்
அக்கா